சதுரத்தின் பரப்பளவைக் கற்பிக்க ஐந்துக்கு ஐந்து ஜியோபோர்டு: ஒரு மதிப்புரை

சதுரத்தின் பரப்பளவு என்ன என்று கேட்டால் ‘பக்கம் பெருக்கல் பக்கம்’ என்று உடனே சொல்லிவிடும் மாணவர்களிடம், அந்தப் பெருக்கல் எதை எண்ணித் தருகிறது என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் பலர் விழிப்பார்கள். சூத்திரம் மனப்பாடமாகியிருக்கும், ஆனால் சதுரத்துக்குள் எத்தனை அலகுச் சதுரங்கள் இடைவெளி விடாமலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமலும் அடங்குகின்றன என்பதே அந்த எண் என்பது மனத்தில் பதிந்திருக்காது. இந்தக் குறையைப் போக்குவதாகச் சொல்லிக் கற்பித்தல் கருவிக் கடைகளிலும் இணைய அங்காடிகளிலும் விற்கப்படும் பொருள்களுள் ஒன்று ஜியோபோர்டு. சம தூரத்தில் முளைகள் பதித்த ஒரு பலகை, அவற்றில் மாட்டி வடிவங்களை அமைப்பதற்குச் சில ரப்பர் பேண்டுகள், அவ்வளவுதான். எகிப்தின் அலெக்சாண்டிரியாவில் பிறந்த கணிதக் கல்வியாளர் காலெப் கட்டென்யோ 1950களில் இதைப் பரவலாக்கினார். மரமும் ஆணியும் இன்று பெரும்பாலும் பிளாஸ்டிக்காக மாறியிருப்பதைத் தவிரப் பொருளின் அடிப்படை அப்படியே இருக்கிறது.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் மாணவர்களுக்கு மாலையில் கணிதம் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில், இரு பக்கமும் பயன்படுத்தக்கூடிய பிளாஸ்டிக் பலகைகள் சிலவற்றை வாங்கி இந்தக் கல்வியாண்டில் பயன்படுத்தி வருகிறேன். ஒன்றின் விலை 200 ரூபாய்க்குச் சற்று மேல். ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்த பலகைகள் பல பெயர்களில் விற்கப்படுவதால் தயாரிப்பாளரின் பெயரை இங்கே எழுதுவதில் பயனில்லை. பலகை 15 செ.மீ. பக்கமுள்ள சதுரம், முன்பக்கத்தில் வரிசைக்கு 5 வீதம் 25 முளைகள், முளைக்கு முளை 3 செ.மீ. இடைவெளி. பின்பக்கத்தில் 12 செ.மீ. விட்டமுள்ள வட்டத்தின்மேல் 12 முளைகளும் நடுவில் ஒன்றும் இருக்கின்றன. ஒரு பை நிறைய வண்ண ரப்பர் பேண்டுகளும் நான்கு பக்க வழிகாட்டித் தாளும் உடன் வருகின்றன. என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நேராக நிற்கும் சதுரங்களின் பரப்பளவைக் காட்ட மட்டும் இந்தப் பலகை தேவையில்லை, சாதாரணக் கட்டத்தாளே போதும், ஆனால் சாய்ந்த சதுரங்களுக்கு இதற்கு நிகரான மலிவான கருவி வேறொன்று எனக்குத் தெரியவில்லை. வழிகாட்டித் தாளைப் படிக்காமல் இருப்பது நல்லது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நேர்ச் சதுரங்கள். பலகையின் விளிம்புக்கு இணையாக ரப்பர் பேண்டை மாட்டினால் 1, 4, 9, 16 சதுர அலகுப் பரப்பளவுள்ள நான்கு அளவுகள் கிடைக்கின்றன. இந்த இடத்திலேயே பலகை ஒரு தவறான பழக்கத்தை ஊட்டுகிறது. கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவது முளைகள்தாம், இடைவெளிகள் அல்ல. ஆகவே மாணவர் பக்கத்தின் நீளத்தை அறிய முளைகளை எண்ணுகிறார். முழுப் பலகையையும் சுற்றிய சதுரத்தின் ஒரு பக்கத்தில் 5 முளைகள் இருப்பதைக் கண்டு பரப்பளவு 25 என்கிறார். உண்மையில் 5 முளைகளுக்கு நடுவே 4 இடைவெளிகளே உள்ளன, பரப்பளவு 16. கட்டத்தாளில் இந்தக் குழப்பம் அநேகமாக எழுவதே இல்லை, ஏனெனில் அங்கே கட்டங்கள் கோடு போட்டு அடைக்கப்பட்டிருக்கின்றன. முளைகளுக்கு இடையே மெல்லிய கோடுகளை அச்சிலேயே பதித்திருந்தால் இந்தப் பலகையிலும் சிக்கல் தீர்ந்திருக்கும். தயாரிப்பாளருக்குக் கூடுதல் செலவு ஏதும் ஆகியிருக்காது என்பதால், இது மறதி என்பதைவிட வகுப்பறையில் பயன்படுத்திப் பார்க்காமல் வடிவமைத்ததன் விளைவு என்றே நினைக்கிறேன்.

நான் செய்த ஏற்பாடு, தடித்த அட்டையை 3 செ.மீ. சதுரங்களாக வெட்டி முளைகளுக்கு நடுவே பதிப்பது. ஆனால் முளைகள் 4 மி.மீ. தடிமன் கொண்டவை என்பதால் அட்டையின் நான்கு மூலைகளும் முளைகளில் இடித்து நின்றுவிடுகின்றன. மூலைகளைச் சிறிது நறுக்கிவிட்டால் அட்டைகள் ஒன்றையொன்று தொட்டபடி கச்சிதமாக உட்காருகின்றன. 3 அலகுப் பக்கமுள்ள சதுரத்தை இப்படி நிரப்பும்போது ஒரு வரிசைக்கு 3 அட்டைகள், அப்படி 3 வரிசைகள் என்று கையாலேயே தெரிந்துவிடுவதால், பெருக்கல் எங்கிருந்து வருகிறது என்று தனியாக விளக்க வேண்டியிருப்பதில்லை. இந்த அட்டைகளைத் தொகுப்பிலேயே சேர்த்திருக்க வேண்டும்.

பலகையின் அளவிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. இதில் அமைக்கக்கூடிய மிகப் பெரிய சதுரத்தின் பக்கம் 4 அலகு. அதன் பரப்பளவு 4 × 4 = 16 சதுர அலகு; சுற்றளவும் 4 × 4 = 16 அலகு. பக்கத்தின் நீளத்தையும் பரப்பளவையும் சுற்றளவையும் முழு எண்களாகக் கொண்டு பார்த்தால், பின்னவை இரண்டும் ஒரே எண்ணாக வருவது இந்த ஒரு சதுரத்துக்கு மட்டுமே. முதல் 4 பக்கத்தின் நீளம், அடுத்த சூத்திரத்தின் 4 பக்கங்களின் எண்ணிக்கை என்ற வேறுபாடு இந்த எடுத்துக்காட்டில் மறைந்துபோகிறது. மாணவர் பலகையைக் கையில் வாங்கியதும் முதலில் செய்வது விளிம்பைச் சுற்றிப் பெரிய சதுரம் போடுவதுதான் என்பதால், பரப்பளவுக்கும் சுற்றளவுக்கும் உள்ள குழப்பம் தொடங்குவதற்கு இதைவிட மோசமான இடம் கிடைக்காது. முதல் பாடத்தை 3 அலகுச் சதுரத்தில் தொடங்குமாறு இதை வாங்கும் ஆசிரியர்களுக்குச் சொல்வேன்: அங்கே பரப்பளவு 9, சுற்றளவு 12.

இந்தக் குழப்பத்தை ரப்பர் பேண்டும் வளர்க்கிறது. அதே பேண்டைச் சிறிய சதுரத்துக்கும் பெரிய சதுரத்துக்கும் பயன்படுத்த முடிவதால், சுற்றியிருக்கும் கோட்டின் நீளம் மாறவில்லை என்ற எண்ணம் சிலருக்கு வந்துவிடுகிறது. சுற்றளவைப் பற்றிப் பேச வேண்டிய நாளில் ரப்பர் பேண்டுகளை ஒதுக்கிவிட்டு, முளைகளைச் சுற்றி இறுக்கமாகப் பிடித்து முடிச்சுப் போட்ட நூல் வளையத்தைக் கொடுப்பதே சரி. 3 அலகுச் சதுரத்தைச் சுற்றிக் கட்டிய நூலை அவிழ்க்காமல் எடுத்து 4 அலகு நீளமும் 2 அலகு அகலமும் கொண்ட செவ்வகத்தில் மாட்டினால் நூல் சரியாகப் பொருந்துகிறது. ஆனால் உள்ளே அடங்கும் அட்டைகள் 9-லிருந்து 8-ஆகக் குறைகின்றன. ஒரே சுற்றளவுள்ள செவ்வகங்களுள் சதுரத்துக்கே பரப்பளவு அதிகம் என்பது இப்படித் தொடங்குகிறது. சென்னையில் ஒரு கிரவுண்டு என்றால் 2400 சதுர அடி என்பதும், அது பெரும்பாலும் 40 அடிக்கு 60 அடி மனையாக அமைவதும் பிள்ளைகள் வீட்டில் கேட்டிருக்கும் செய்திதான். அந்த மனையின் மதில் நீளம் 200 அடி. அதே 200 அடி மதிலை 50 அடிக்கு 50 அடியாகக் கட்டினால் உள்ளே 2500 சதுர அடி கிடைக்கும். வளையத்தைக் கையால் மாற்றிப் பார்த்த மாணவர்களுக்கு அந்த 100 சதுர அடி எங்கிருந்து வந்தது என்பது வியப்பாக இருப்பதில்லை.

பலகை தன் விலையை நியாயப்படுத்தும் இடம் இனிமேல்தான் வருகிறது. 2 அலகுப் பக்கமுள்ள சதுரத்தின் பரப்பளவு 4; இதைப் போல இரண்டு மடங்கு, அதாவது 8 சதுர அலகுப் பரப்பளவுள்ள சதுரத்தை அமை என்று ஒரு மாணவரிடம் சொன்னால், பக்கத்தை இரண்டு மடங்காக்கி 4 அலகுச் சதுரத்தை மாட்டுகிறார்; 16 வருகிறது. அது அதிகம் என்று கண்டதும் பக்கத்தை 3 ஆக்குகிறார், 9 வருகிறது. இதற்குமேல் முளை இல்லை என்று பலகையைக் கீழே வைக்கிறார். பிளேட்டோவின் ‘மெனோ’ உரையாடலில் சாக்ரடீஸ் ஓர் அடிமைச் சிறுவனிடம் இதே கேள்வியைக் கேட்கிறார். 2 அடிப் பக்கமுள்ள சதுரம், அதன் இருமடங்கு எது என்பது கேள்வி. அந்தச் சிறுவனும் முதலில் 4 என்றும் பிறகு 3 என்றும்தான் சொல்கிறான். விடை மூலைவிட்டத்தின்மேல் எழுப்பிய சதுரம். சதுரத்தின் மூலைவிட்டத்தில் இழுத்துப் பிடித்த கயிறு அதன் இருமடங்கு பரப்பைத் தரும் என்று பௌதாயனரின் சுல்ப சூத்திரமும் சொல்கிறது. இந்த ஐந்துக்கு ஐந்து பலகையில் 4, 16, 9, 8 ஆகிய நான்கு சதுரங்களுமே இடம்பெற முடிகிறது. வேறு எதற்காக இல்லாவிட்டாலும் இந்த ஒரு பாடத்துக்காகவே பலகையின் அளவு இப்படி இருக்கலாம் என்று ஒப்புக்கொள்கிறேன்.

பெரிய சதுரத்தின் நான்கு பக்கங்களின் நடு முளைகளையும் ஒரு பேண்டால் இணைத்தால் அந்த 8 சதுர அலகுச் சதுரம் கிடைக்கிறது. ஆனால் அது 8 என்று நம்பவைப்பது எளிதல்ல. சாய்ந்த பக்கத்தில் 3 முளைகள், 2 இடைவெளிகள். எனவே “பக்கம் இரண்டுதானே சார், அப்போ பரப்பளவு நாலு” என்பதே அனேகமாக எல்லாரும் சொல்லும் விடை. இடைவெளியை எண்ணக் கற்றுக்கொண்ட பிறகு வரும் தவறு இது. நேர்த் திசையில் உள்ள இடைவெளியும் மூலைத் திசையில் உள்ள இடைவெளியும் ஒரே நீளமல்ல என்பது எண்ணுவதால் தெரியாது. அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஒன்று 3 செ.மீ., மற்றொன்று ஏறத்தாழ 4.2 செ.மீ. என்று தெரியும். அதைவிட நல்ல வழி, சூத்திரத்தை ஒதுக்கிவிட்டு வெளிச் சதுரத்திலிருந்து கழிப்பது. வெளிச் சதுரம் 16, நான்கு மூலைகளிலும் வெளியே நிற்கும் செங்கோண முக்கோணம் ஒவ்வொன்றும் 2 அலகுக்கு 2 அலகு, அதாவது 2 சதுர அலகு, நான்கும் சேர்ந்து 8, மீதி 8. வேறு நிற பேண்டுகளால் அந்த முக்கோணங்களைத் தனித்தனியாகக் காட்ட முடிவது தாளில் வராத வசதி. அழித்து அழித்து வரைய வேண்டியதில்லை. பிடிக்காவிட்டால் பேண்டைக் கழற்றி வேறு முளையில் மாட்டினால் போதும்.

இந்த வழி பிடிபட்டதும் மற்றச் சாய்ந்த சதுரங்களும் திறந்துகொள்கின்றன. வலப்புறம் 1 முளை, மேலே 2 முளை என்று நகர்ந்து பக்கத்தை அமைத்தால் வெளிச் சதுரம் 9, கழிக்க வேண்டிய முக்கோணங்கள் நான்கும் சேர்ந்து 4, பரப்பளவு 5. 1-க்கு 3 என்று நகர்ந்தால் 16-லிருந்து 6 கழிந்து 10. 1-க்கு 1 என்றால் 4-லிருந்து 2 போக 2. ஆக, இந்தப் பலகையில் அமைக்க முடிந்த சதுரங்களின் பரப்பளவுகள் 1, 2, 4, 5, 8, 9, 10, 16 ஆகிய எட்டு மட்டுமே. இடமும் சாய்வும் வேறானவற்றையெல்லாம் தனித்தனியாக எண்ணினால் மொத்தச் சதுரங்கள் 50; அவற்றுள் நேராக நிற்பவை 30, சாய்ந்தவை 20. இந்த 20-ஐ மாணவர்கள் தாங்களாகக் கண்டுபிடிப்பது நன்றாக நேரம் பிடிக்கும் வேலை. சாய்ந்திருப்பதைச் சதுரம் என்றே ஒப்புக்கொள்ளாமல் ‘டைமண்ட்’ என்று சொல்பவர்கள் எட்டாம் வகுப்பிலும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் பலகையைக் கொடுத்துச் சற்றே திருப்பிப் பிடிக்கச் சொன்னால் வாதம் முடிந்துவிடுகிறது. தாளைத் திருப்பியும் இதைச் செய்யலாம்தான். ஏனோ தாளைத் திருப்பிப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

3 சதுர அலகுச் சதுரம் ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்வி தானாக எழும். எழாவிட்டால் ஆசிரியர் எழுப்ப வேண்டும். கிடைக்கும் பரப்பளவு எல்லாமே இரண்டு வர்க்க எண்களின் கூட்டுத்தொகை: 5 என்பது 1 + 4, 10 என்பது 1 + 9, 8 என்பது 4 + 4. நேர்ச் சதுரங்களில் ஒரு வர்க்கம் பூச்சியம். எந்த முழு எண்ணின் வர்க்கத்தையும் 4-ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1 மட்டுமே வரும் என்பதால், இரண்டு வர்க்கங்களைக் கூட்டி மீதி 3 வரவைக்க முடியாது; எனவே 3, 7, 11, 15 ஆகியவை எவ்வளவு பெரிய பலகையிலும் வாரா. 6, 12, 14 ஆகியவையும் வாரா, ஆனால் காரணம் வேறு. 13 மட்டும் இந்தப் பலகை சிறியது என்பதால் விடுபட்டது. 2-க்கு 3 நகர 5 அலகு இடம் வேண்டும், இங்கே இருப்பது 4. ஆறாம் வகுப்புக்கு இது அதிகம் என்று சிலர் சொல்லக்கூடும். சூத்திரத்தை எழுதாமல், ‘வருவது எது, வராதது எது’ என்று ஒரு பட்டியல் போடச் சொல்வது யாருக்கும் அதிகமில்லை என்பது என் கருத்து.

எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு நான் தயங்காமல் காட்டுவது பிக் தேற்றம். ஆஸ்திரியக் கணிதவியலாளர் கேயார்க் பிக் 1899-இல் வெளியிட்டது. முளைகளை மூலைகளாகக் கொண்டு, தன்னைத் தானே வெட்டாமல் அமைந்த எந்தப் பலகோணத்துக்கும், உள்ளே தனித்து நிற்கும் முளைகளின் எண்ணிக்கையோடு பேண்ட் தொடும் முளைகளில் பாதியைக் கூட்டி 1-ஐக் கழித்தால் பரப்பளவு கிடைத்துவிடும். 5 சதுர அலகுச் சதுரத்தில் உள்ளே 4 முளைகள், பேண்டில் 4 முளைகள்: 4 + 2 − 1 = 5. பெரிய சதுரத்தில் உள்ளே 9, பேண்டில் 16: 9 + 8 − 1 = 16. பரப்பளவுக்காக முளைகளை எண்ணாதே என்று தொடக்கத்தில் சொல்லிவிட்டு, முளைகளை எண்ணியே பரப்பளவு காணும் வழியைக் கடைசியில் காட்டுவதில் ஒரு குறும்பு இருக்கிறது. மாணவர்கள் அதைக் கவனித்துக் கேட்கவும் செய்கிறார்கள். முளைகள் தெளிவாக எழுந்து நிற்கும் இந்தப் பலகையில் உள்ளே நிற்பவை, பேண்டில் படுபவை என்ற வேறுபாடு புள்ளித்தாளில் காண்பதைவிட ஐயமின்றித் தெரிகிறது.

இனிக் குறைகள். வழிகாட்டித் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருப்பது ஒருபுறம் இருக்க, அதில் உள்ள பிழை மன்னிக்க முடியாதது. ‘1 அலகு = 3 செ.மீ.’ என்று சரியாகச் சொல்லிவிட்டு, 16 சதுர அலகை 3-ஆல் பெருக்கிப் பரப்பளவு 48 சதுர செ.மீ. என்று அச்சிட்டிருக்கிறார்கள். பக்கம் 12 செ.மீ. உள்ள சதுரத்தின் பரப்பளவு 144 சதுர செ.மீ.; ஓர் அலகுச் சதுரம் 3 × 3 = 9 சதுர செ.மீ. என்பதால் 16 × 9 என்று போட்டாலும் அதுவே வரும். நீளத்தின் அலகை மாற்றும் எண்ணை அப்படியே பரப்பளவுக்கும் பயன்படுத்துவது மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு: 1 மீட்டர் 100 செ.மீ. என்பதால் 1 சதுர மீட்டரை 100 சதுர செ.மீ. என்று எழுதுவார்கள், அது 10,000. 1 கெஜம் 3 அடி என்றால் 1 சதுர கெஜம் 9 சதுர அடி என்பதை இந்தப் பலகையிலேயே, ஓர் இடைவெளியை ஓர் அடியாகக் கொண்டு, காட்டிவிடலாம். தவறைத் திருத்த வாங்கும் கருவியின் தாளே தவறைக் கற்பித்தால் என்ன செய்வது? நான் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

முளைகளின் தடிமனும் கவனிக்க வேண்டிய ஒன்று. அளவு முளைகளின் மையத்திலிருந்து மையத்துக்கு. ஆனால் பேண்ட் முளைகளின் வெளிப்புறத்தைச் சுற்றி ஓடுகிறது. 3 செ.மீ. பக்கமுள்ள அலகுச் சதுரத்தின் பரப்பளவு 9 சதுர செ.மீ. என்றால், பேண்ட் உண்மையில் வளைக்கும் பரப்பு ஏறத்தாழ 11.5 சதுர செ.மீ. கால்பங்குக்கு மேல் கூடுதல். பெரிய சதுரத்தில் இந்தக் கூடுதல் 144-க்கு ஏறத்தாழ 154, அதாவது சுமார் 7 விழுக்காடுதான். எண்ணிப் பார்க்கும் பாடங்களுக்கு இது பொருட்டே இல்லை. அளவுகோலால் பேண்டை அளந்து பெருக்கச் சொன்னால் மட்டும் எண்கள் ஒத்துவாரா. அத்தகைய செயல்பாட்டை வழிகாட்டித் தாள் பரிந்துரைப்பதைத்தான் புரிந்துகொள்ள முடியவில்லை. மெல்லிய எஃகு ஆணிகள் இருந்திருந்தால் இந்தப் பிழை வெகுவாகக் குறைந்திருக்கும். சிறு பிள்ளைகளின் கைக்கு அவை ஆகா என்பதும் உண்மை.

பின்பக்க வட்டத்தைச் சதுரத்துக்காக யாரும் வாங்கமாட்டார்கள். இருந்தாலும் ஒரு பயன் உண்டு. 12 முளைகளில் மூன்றுக்கு ஒன்றாகத் தேர்ந்து பேண்டை மாட்டினால் சதுரம் வருகிறது. இங்கே பக்கம் தெரியாது, தெரிவது மூலைவிட்டம் மட்டுமே: வட்டத்தின் விட்டமாகிய 12 செ.மீ. மூலைவிட்டத்தின் வர்க்கத்தில் பாதி என்ற சூத்திரத்தின்படி பரப்பளவு 72 சதுர செ.மீ.; முன்பக்கத்துப் பெரிய சதுரத்தில் சரிபாதி.

பிளாஸ்டிக்கின் தரம் நடுத்தரம். விளிம்பில் உள்ள முளைகள் கீழே விழுந்தால் உடைகின்றன. நடு முளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரு பக்கமும் முளைகள் இருப்பதால் மேசையில் வைத்தால் பலகை பின்பக்க முளைகளின்மேல் நின்று ஆடுகிறது. நான்கு மூலைகளிலும் முளையைவிடச் சற்று உயரமான கால்கள் வைத்திருந்தால் போதும். பலகைக்குக் கீழே மடித்த துண்டு ஒன்றை விரித்துச் சமாளிக்கிறோம். உடன் வந்த ரப்பர் பேண்டுகள் கோடை வெயிலில் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டி, இழுத்ததும் அறுந்தன. இழுத்த பேண்ட் தெறித்துக் கண்ணில் படாமல் இருக்க, முதல் நாளே ஒரு விரலால் முளையில் அழுத்திக்கொண்டுதான் மறு முனையை இழுக்க வேண்டும் என்ற விதியைச் சொல்லிவிடுவது நல்லது. காய்கறிக் கட்டுகளில் வரும் சாதாரணப் பேண்டுகள் இதற்குக் குட்டையாக இருக்கின்றன. எழுதுபொருள் கடையில் பெரிய அளவு கேட்டு வாங்க வேண்டும்.

கைப்பேசியிலும் கணினியிலும் இலவசமாகக் கிடைக்கும் ஜியோபோர்டு செயலிகளும் ஜியோஜிப்ரா மென்பொருளும் இருக்கும்போது இதை ஏன் வாங்க வேண்டும் என்று கேட்கலாம். ஆசிரியர் ஒருவர் திரையில் காட்டி விளக்குவதற்குச் செயலியே மேல்; பேண்டுக்குள் நிறம் நிரப்பலாம், பலகையைப் பெரிதாக்கலாம், எதுவும் அறுந்து தெறிக்காது. ஆனால் ஜியோஜிப்ராவில் சதுரத்தை வரைந்தவுடன் பரப்பளவைக் கேட்டுப் பெற்றுவிட முடியும். 5 என்று திரை சொல்லிவிட்ட பிறகு 9-லிருந்து 4-ஐக் கழிக்க எந்த மாணவருக்கும் மனம் வராது. விடையைச் சொல்லத் தெரியாதது இந்தப் பிளாஸ்டிக் பலகையின் பெரிய தகுதி. இரண்டு பேருக்கு ஒரு பலகை என்ற கணக்கில் வாங்கினால் ஒருவர் மாட்ட மற்றவர் சரிபார்க்க வசதியாக இருக்கிறது. நான்கு பேருக்கு ஒன்று என்றால் இருவர் வேடிக்கைதான் பார்க்கிறார்கள்.

வீட்டில் ஒரு பிள்ளைக்காக வாங்குபவர்களுக்கு இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. 36 செ.மீ. பக்கமுள்ள ஒட்டுப்பலகை ஒன்றின்மேல் கட்டத்தாளை ஒட்டி, 3 செ.மீ.க்கு ஒன்று வீதம் வரிசைக்கு 11 ஆணிகளாக, தச்சரிடம் சொல்லி 121 தலையுள்ள சிறு ஆணிகளை அடிக்கச் செய்யலாம். தாளை ஒட்டிவிட்டு அடிப்பது முக்கியம். கையால் குறித்து அடித்த பலகையில் ஆணிகள் சற்றே விலகினாலும் சாய்ந்த சதுரங்கள் கோணலாகத் தெரியும். ஒட்டிய தாளின் கோடுகள் அப்படியே நிற்பதால் முளையா இடைவெளியா என்ற குழப்பமும் வருவதில்லை. கடைப் பலகையில் இடமில்லாமல் போன 13 இதில் வரும். 25 இரண்டு விதமாக வரும்: 5 அலகுப் பக்கத்தோடு நேராக ஒன்று, 3-க்கு 4 நகர்ந்து சாய்வாக மற்றொன்று. சாய்ந்ததன் வெளிச் சதுரம் 49, கழிக்கும் நான்கு முக்கோணங்கள் சேர்ந்து 24. நேர்ச் சதுரத்தின் ஒரு பக்கத்துக்கு அளந்து வெட்டிய நூலைச் சாய்ந்த சதுரத்தின் பக்கத்தில் வைத்தால் அதுவும் சரியாக 5 அலகு. பிதாகரஸ் தேற்றத்தை எட்டாம் வகுப்பில் தொடங்க நான் இந்த இரண்டு சதுரங்களைத்தான் பயன்படுத்துகிறேன்.